மார்பில் ஒரு சிவப்புப் பூ

அத்தியாயம் 17

பதினான்காவது முறையும் மணி அடித்து ஓய்ந்தது. காஸ்தோன் எடுக்கவில்லை.

மிர்தா கைபேசியைச் சமையலறை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். கவிழ்த்து வைத்தால் மணி கேட்காமல் போய்விடுமோ என்று உடனே நிமிர்த்தி வைத்தாள். சனிக்கிழமை காலை எட்டரை மணி. இங்கே எட்டரை என்றால் இங்கிலாந்தில் பதினொன்றரை. அவன் ஆடும் கால்பந்தாட்டத்துக்கு இன்னும் மூன்றரை மணி நேரம் இருந்தது.

எல்லாம் அவள் வாயிலிருந்து வந்த இரண்டு வாக்கியத்தால் வந்த வினை.

பத்து நாளுக்கு முன்னால், பள்ளிக்கூடத்துச் சமையலறையில் நூற்றிருபது பிள்ளைகளுக்குச் சோளமும் பூசணிக்காயும் போட்டுக் கிண்டிக்கொண்டிருந்தபோது, ஊர் வானொலிக்காரர் மைக்கைத் தூக்கிக்கொண்டு உள்ளேயே வந்துவிட்டார். நவம்பர் பிறந்துவிட்டது, போரில் செத்த தங்கள் சிப்பாய்களின் நினைவாக இங்கிலாந்துக் கால்பந்துக் கிளப்புகள் எல்லாம் சட்டையில் சிவப்புப் பாப்பிப் பூ வைக்கும், அங்கே விளையாடும் உங்கள் மகனும் வைப்பானா என்று கேட்டார். போன நவம்பரில் காஸ்தோன் முழங்காலில் அடிபட்டு ஓய்வில் இருந்ததால் அந்தக் கேள்வியே எழவில்லை.

"என் பையன் அதை நெஞ்சுல வைக்கமாட்டான். அவங்க மூழ்கடிச்ச கப்பல்லதான் என் அண்ணன் இன்னும் கிடக்கான்" என்றாள் மிர்தா, கரண்டியைக் கீழே வைக்காமலே.

சொன்னது பொய் இல்லை. செஃபெரினோ போனபோது அவனுக்குப் பத்தொன்பது வயது, அவளுக்குப் பதினாறு. மால்வினாஸ் தீவுகளுக்காக இங்கிலாந்தோடு நடந்த போரில் அவன் கப்பலோடு கடலுக்குள் போனான். புதைக்க உடல் இல்லை, விளக்கேற்றக் கல்லறை இல்லை. ஆனால் அவள் பேசியது மகனுக்காக. மகனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த இரண்டு வாக்கியம் அவர்கள் ஊரான புவேர்தோ அசாரிலிருந்து கொரியெந்தெஸ் நகரத்துக்குப் போனது, அங்கிருந்து புவெனோஸ் ஐரெஸுக்கு, அங்கிருந்து இங்கிலாந்துப் பத்திரிகைக்கு. புதன்கிழமை காஸ்தோனின் கார்மீது யாரோ சிவப்புச் சாயத்தைக் கொட்டியிருந்தார்கள். அந்தப் படத்தைத்தான் நேற்று மகள் யனினா அவளுக்குக் காட்டினாள்.

"அவன் தூங்கிட்டிருப்பான்மா, விடேன்" என்றாள் யனினா, குளியலறையிலிருந்து தலையைத் துவட்டிக்கொண்டே.

"பகல் பதினொன்றரைக்கா?"

"அப்ப, உன் பேரைப் பாத்துட்டு எடுக்காம இருக்கான். அதைச் சொன்னா உனக்குக் கோவம் வரும்."

யனினாவுக்கு இருபத்திரண்டு வயது. ஆரஞ்சுப் பழம் பெட்டி போடும் கொட்டகையில் கணக்கு எழுதுகிறாள். அண்ணனுக்கு இருக்கிற பொறுமையில் பாதிகூட அவளுக்குக் கிடையாது.

"உங்க அப்பா எங்க?"

"சனிக்கிழமை காலையில அப்பா எங்க இருப்பாரு? ஆத்துல. பரானாவுக்குத்தான் அவரைக் கட்டி வச்சிருக்கு, உனக்கில்ல."

மிர்தா சிரிக்கவில்லை. அது வேடிக்கையாக இருந்து பல வருஷம் ஆகிவிட்டது. ருஃபினோவும் அந்தப் போரில் இருந்தவன்தான், தரைப்படையில். உயிரோடு திரும்பி வந்தவன். ஊர்ச் சதுக்கத்தில் நடந்த முதல் நினைவுநாளில் அண்ணன் படத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவளைக் கடைசி வரிசையிலிருந்து பார்த்தானாம். அப்புறம் கல்யாணம். முப்பது வருஷத்தில் மால்வினாஸ் பற்றி அவளிடம் அவன் சொன்னது இரண்டே வார்த்தை. "குளிர்" என்று ஒருமுறை. "பசி" என்று ஒருமுறை.

இந்தப் பத்து நாளில் அந்த இரண்டுகூட வரவில்லை. சாப்பிட்டான், வலையைப் பிரித்தான், படுத்தான். நீ பேசியது சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை.

ஒன்பது மணிக்கு ஒல்கா வந்தாள். நகராட்சியில் விழாவும் பண்டிகையும் அவள் பொறுப்பு. வெயிலுக்கு விசிறிக்கொண்டே உள்ளே வந்து, யனினா நீட்டிய தெரேரேக் குவளையை வாங்கி, ஐஸ் தண்ணீரில் ஊறின இலைச்சாற்றை ஒரே மூச்சில் உறிஞ்சினாள்.

"மிர்தா அக்கா, சதுக்கத்துல பெரிய திரை கட்டியாச்சு. முன் வரிசையில நடு நாற்காலி உங்களுக்கு. செஃபெரினோவோட படத்தைக் குடுங்க, மேடையில வைக்கணும்."

"நான் வீட்டுலயே பாத்துக்கறேன், ஒல்கா."

"என்ன பேசறீங்க? போர்வீரர் சங்கத்துலேர்ந்து சிரிலோ பதக்கமெல்லாம் குத்திக்கிட்டு எட்டு மணிக்கே வந்து உக்காந்துட்டாரு. அம்மா இல்லாமயா? நாடே உங்க பையனைப் பாத்துக்கிட்டிருக்கு!"

"நாடு பாக்கட்டும்" என்றாள் யனினா. "அவன் கார்ல சாயம் ஊத்தினப்ப நாடு எங்க போச்சு? துடைக்க ஒரு ஆள் வரலையே."

"யனினா!" என்று அதட்டினாள் மிர்தா. அதட்டிய கையோடு எழுந்து போய், கூடத்துச் சுவரிலிருந்து படத்தைக் கழற்றிக் கொடுத்தாள். சுவரில் அந்த இடம் மட்டும் வெளுப்பாக, சதுரமாகத் தெரிந்தது. வரமாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. இவர்களை எழுப்பிவிட்டதே அவள்தானே.

பத்தேகாலுக்குக் கைபேசி அடித்தது.

"காஸ்தோன்! சாப்பிட்டியாடா?"

எதிர்முனையில் எங்கோ கதவு திறந்து மூடும் சத்தம். பிறகு அவன் குரல், தாழ்ந்து, யாருக்கும் கேட்கக்கூடாது என்பது போல.

"சாப்பிட்டேனான்னு கேக்கப் பதினாலு தடவை கூப்பிடறே. அந்தப் பூவை வச்சுக்கறியான்னு கேக்க ஒரு தடவை கூப்பிடலையேம்மா?"

மிர்தா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

"வாய் தவறி வந்துடுச்சுடா."

"தெரியும். நீ வேணும்னு செய்யல. ஆனா இங்க ரொட்டிக்கடைக்காரம்மா என் முகத்தைப் பாக்காம மீதிக் காசு குடுக்கறாங்க. உடை மாத்தற அறையில என் ரெண்டு பக்கமும் பெஞ்சு காலியா இருக்கு. யாரும் திட்டல. திட்டினாக்கூடப் பரவாயில்ல, நானும் நாலு திட்டுவேன். நாள்கணக்குல யாரோடவும் பேசாம இருக்கறது எப்படி இருக்கும்னு தெரியுமா உனக்கு?"

தெரியும் என்று சொல்ல நினைத்தாள்.

"வேணாம்னா கிளம்பி வந்துடு. ஆரஞ்சுத் தோப்புல வேலை செஞ்சாவது பிழைச்சுக்கலாம்."

"எங்க வர்றது? சதுக்கத்துல என் பேரைப் பெரிசா எழுதிக் கட்டியிருக்காங்களாமே. யனினா படம் அனுப்பினா. அதுல இருக்கறவனைப் பாத்தா எனக்கே யாருன்னு தெரியலம்மா."

"கிளப்புல என்ன சொன்னாங்க?"

"உன் இஷ்டம்னு சொல்லிட்டாங்க. ரெண்டு சட்டை மாட்டி வச்சிருக்காங்க. ஒண்ணுல பூ இருக்கு, ஒண்ணுல இல்ல. நான் முடிவு பண்ணிட்டேன்."

"என்னன்னு?"

"உன்கிட்ட சொல்லமாட்டேன். சொன்னா நீ பேசுவே. எல்லாரையும் போல நீயும் திரையில பாத்துக்க."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

"மாமாவை நினைச்சுப் பாருடா."

"நினைச்சேன். அப்பா சொன்னதையும் நினைச்சேன்."

"அப்பாவா? அப்பா என்ன சொன்னாரு?"

"உன்கிட்ட சொல்லலையா?"

"என்ன சொல்லலையா? எப்ப பேசினாரு உன்கிட்ட?"

"ஒரு மாசமா. தினம் காலையில படகுலேர்ந்து கூப்பிடறாரு." அவன் குரலில் இப்போது தயக்கம். "நீ அவரையே கேளும்மா. போனை வாங்கி வைக்கறாங்க, வைக்கட்டுமா?"

வைத்துவிட்டான்.

மிர்தா அந்தக் கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மாதமாக. தினமும். அவள் பக்கத்தில் படுத்து எழுந்து, விடிவதற்கு முன்னால் காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு போகிற மனுஷன், முப்பது வருஷமாக வீட்டுக்குள் ஊமையாக இருந்த மனுஷன், ஆற்று நடுவில் போய் மகனிடம் பேசிக்கொண்டிருந்திருக்கிறான்.

"என்னம்மா சொன்னான்?" யனினா கேட்டாள்.

"சாப்பிட்டானாம்" என்றாள் மிர்தா.

மத்தியானம் பன்னிரண்டுக்குச் சதுக்கம் நிறைந்துவிட்டது. முந்நூறு பிளாஸ்டிக் நாற்காலி போதாமல் ஆட்கள் லபாச்சோ மர நிழலில் ஒதுங்கி நின்றார்கள். சீஸ் போட்டுச் சுட்ட சிபா ரொட்டியைக் கூடையில் வைத்து இரண்டு பெண்கள் விற்றார்கள். ஒலிபெருக்கியில் அக்கார்டியன் இழுத்துக்கொண்டிருந்தது. திரைக்கு மேல் துணியில் நீல எழுத்து: காஸ்தோன், மால்வினாஸ் உன் பக்கம்.

இளவட்டங்கள் தோளோடு தோள் கோத்து, குதிக்காதவன் இங்கிலீஷ்காரன் என்று கத்திக்கொண்டே குதித்தார்கள். மிர்தாவின் தோளை யார் யாரோ வந்து தொட்டுவிட்டுப் போனார்கள். சிரிலோ குனிந்து அவள் கன்னத்தில் முத்தமிட்டார். பதக்கங்கள் அவள் காதில் உரசின.

"உங்க பையன் எங்களுக்கெல்லாம் மானத்தைக் காப்பாத்தறான், மிர்தா. ருஃபினோ எங்க? இன்னிக்காவது எங்களோட வந்து உக்காரக் கூடாதா அவன்?"

"வருவான்" என்று பொய் சொன்னாள்.

திரையில் மேகம் மூடிய வானம். நனைந்த புல். சுரங்க வழியிலிருந்து ஆட்டக்காரர்கள் வரிசையாக வெளியே வந்தார்கள். நடு வட்டத்தைச் சுற்றிக் கைகோத்து நின்றார்கள். நடுவர் ஊத, அரங்கம் மொத்தமும் அடங்கியது. கேமரா ஒவ்வொரு முகமாக நகர்ந்தது.

முதலில் மகன் முகத்தைத்தான் பார்த்தேன் என்று பிற்பாடு சொல்லிக்கொள்ள அவளுக்கு ஆசைதான். ஆனால் அவள் கண் முதலில் போனது மார்புக்குத்தான்.

பூ இருந்தது.

இடது மார்பில், கிளப் முத்திரைக்குப் பக்கத்தில், சிவப்பாக, தெளிவாக. அதற்கு மேலே காஸ்தோன் தலை குனிந்து நின்றான்.

அங்கே ஆறாயிரம் மைலுக்கு அப்பால் மௌன அஞ்சலி. இங்கேயும் ஒரு சத்தம் இல்லை. அக்கார்டியனை யாரோ எப்போதோ நிறுத்தியிருந்தார்கள். செஃபெரினோவின் படம் மேடையிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அவளுக்கு வலித்தது. மகன் செய்தது அவளைக் குத்தியது. அதை அவள் யாரிடமும் மறைக்க முயலவும் இல்லை, மறைக்கிற அளவுக்கு யாரும் அவளைப் பார்க்கவும் இல்லை.

"துரோகி!" பின் வரிசையிலிருந்து ஒரு குரல்.

அவ்வளவுதான். நாற்காலிகள் தரையில் உரசின. "வித்துட்டான்யா!" "அம்மா ஒண்ணு சொல்றா, பையன் ஒண்ணு செய்யறான், குடும்பமே நாடகம்!"

"வாயை மூடுங்கடா!" யனினா நாற்காலிமேல் ஏறிவிட்டாள். "உங்கள்ல ஒருத்தனாவது இந்த ஊர் ஆத்தைத் தாண்டியிருக்கீங்களாடா? எங்க அண்ணனைப் பேச வந்துட்டீங்க!" யாரோ ஒரு வெற்றுப் போத்தலை வீசினார்கள். அது அவள்மேல் படவில்லை, ஆனால் அவள் அழுதுகொண்டே இறங்கி, வீட்டுப் பக்கம் ஓடினாள். தோழி ஒருத்தி பின்னாலேயே போனாள்.

சிரிலோ கத்தவில்லை. மெதுவாக மேடை ஏறினார். செஃபெரினோவின் படத்தைத் தூக்கி, கண்ணாடியைச் சட்டைக் கையால் துடைத்து, மார்போடு அணைத்துக்கொண்டார்.

"அதைக் குடுத்துடுங்க, சிரிலோ" என்றாள் மிர்தா. "அது எங்க வீட்டுப் படம்."

"நாளைக்கு நானே கொண்டு வந்து தர்றேம்மா. இன்னிக்கு இவன் இதைப் பாக்க வேணாம்."

அவர் கண் கலங்கியிருந்தது. அவரோடு சண்டை போட அவளால் முடியவில்லை. படம் அவர் கையோடு சதுக்கத்தைத் தாண்டிப் போனது.

கால் மணி நேரத்தில் சதுக்கம் காலி. ஒல்கா ஓடி வந்து, திரையைக் கட்டிய மின்சாரக்காரரிடம், "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்றாள்.

"என் பையன் விளையாடிக்கிட்டிருக்கான்" என்றாள் மிர்தா.

"அக்கா, எனக்காகச் சொல்லல..."

"ரெண்டு மணி வரைக்கும் ஓடணும்னு எழுத்துல குடுத்திருக்கீங்க" என்றார் மின்சாரக்காரர் ஒல்காவிடம். "எனக்கு எழுத்துதான் கணக்கு." சொல்லிவிட்டுத் தன் வண்டி நிழலில் போய்ப் படுத்துக்கொண்டார். ஒல்கா மிர்தாவைப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

முந்நூறு நாற்காலிக்கு நடுவே மிர்தா மட்டும் உட்கார்ந்திருந்தாள். வெயில் நாற்காலிகளைச் சுட்டது.

அப்போதுதான் அவளுக்குத் திரையின் சத்தம் காதில் ஏறியது. காஸ்தோன் காலுக்குப் பந்து வரும்போதெல்லாம் அரங்கத்திலிருந்து ஒரு ஊளை எழுந்தது. பந்து போனதும் அடங்கியது. திரும்ப வந்தால் திரும்ப எழுந்தது. ஊளையிட்டவர்கள் எதிரணி ரசிகர்கள் மட்டும் இல்லை. அவன் போட்டிருந்த அதே நிறச் சட்டையைப் போட்டவர்களும் கையைக் குவித்து ஊளையிட்டார்கள். பூவை வைத்தும் அவர்கள் அவனை மன்னிக்கவில்லை. அவள் சொன்னதைத்தான் அவர்கள் ஞாபகம் வைத்திருந்தார்கள்.

அங்கே அவனுக்கு யாரும் இல்லை. இங்கேயும் இப்போது யாரும் இல்லை. அவன் ஓடினான். பந்தைக் கேட்டுக் கை தூக்கினான். பக்கத்தில் இருந்தவன் வேறு பக்கம் தட்டிவிட்டான். அவன் திரும்பவும் ஓடினான். மிர்தா ஒரு நிமிஷம்கூடக் கண்ணை எடுக்கவில்லை. கோபம் போகாமலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இடைவேளைக்குச் சற்று முன்னால் ருஃபினோ வந்தான். முழங்கால்வரை மடித்த கால்சட்டை, கையில் தொப்பி, மீன் வாடை. காலி நாற்காலிகளைப் பார்த்தான். ஒரு நாற்காலி இடைவெளி விட்டு உட்கார்ந்தான்.

"வச்சிருக்கானா?"

"கண்ணு இருக்கில்ல, பாரு."

பார்த்தான். தொப்பியை மடியில் வைத்தான்.

"பையன்கிட்ட ஒரு மாசமா பேசறியாமே" என்றாள் மிர்தா, திரையிலிருந்து முகத்தைத் திருப்பாமல். "என்கிட்ட முப்பது வருஷத்துல ரெண்டு வார்த்தை."

"உன்கிட்ட சொல்ல முடியல."

"ஏன்? நான் என்ன இங்கிலீஷ்காரியா?"

"நீ செஃபெரினோவோட தங்கச்சி."

அவள் திரும்பினாள். அவன் தொப்பியைப் பார்த்தே பேசினான், விட்டு விட்டு, ஒவ்வொரு வார்த்தையும் வலையிலிருந்து பிரித்தெடுக்கிறது போல.

"போரோட கடைசி வாரம். அங்க ஒருத்தன் இருந்தான். அவங்க ஆளு. பதினெட்டு வயசு இருக்கும். அவன் சட்டைப்பையில ஒரு கடிதாசி இருந்தது, உறையோட. அவங்கம்மா எழுதினது. பின்னாடி விலாசம். நான் எடுத்துக்கிட்டேன்."

"எதுக்கு எடுத்த?"

"தெரியல. முப்பத்தாறு வருஷமா படகுல தகர டப்பாவுல இருக்கு. வீட்டுக்குக் கொண்டு வர முடியல. வீட்டுல செஃபெரினோ சுவர்ல இருந்தான். என்ன எழுதியிருக்குன்னுகூட எனக்குத் தெரியாது. போன மாசம் படம் எடுத்து அனுப்பினேன், காஸ்தோன்தான் படிச்சுச் சொன்னான்."

"என்ன எழுதியிருந்தது?"

"நாய் நாலு குட்டி போட்டிருக்காம். ஒண்ணுக்கு வெள்ளைக் காலாம். நீ வந்து பேரு வை, அதுவரைக்கும் வைக்கமாட்டேன்னு."

திரையில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

"அந்தம்மா இன்னும் அதே வீட்டுல இருக்காங்க. எண்பது வயசாம். போன செவ்வாய்க்கிழமை காஸ்தோன் நாலு மணி நேரம் ரயில்ல போய்க் கடிதாசியோட படத்தைக் குடுத்துட்டு வந்தான்."

செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு அவள் ஆறு முறை கூப்பிட்டாள். அவன் வேறொரு அம்மா வீட்டில் உட்கார்ந்திருந்திருக்கிறான்.

"இவன் யாருன்னு அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். நீ பேசினதைப் பத்திரிகையில படிச்சிருக்காங்க." ருஃபினோ முதல்முறையாக அவளை நேராகப் பார்த்தான். "'உன் அம்மா பேசினதுல தப்பே இல்லப்பா. எனக்குப் போய் நிக்க என் பையனோட கல்லறைக் கல்லாவது இருக்கு, அவங்களுக்கு அதுகூட இல்ல'ன்னாங்களாம்."

மிர்தா கையால் வாயை மூடிக்கொண்டாள். இந்தப் பத்து நாளில் அவளை இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்டு யாரும் பேசவில்லை. அவள் எழுப்பிவிட்ட இந்த ஊர்கூட.

"பூவை வைக்கச் சொல்லி அவங்க கேக்கல. நானும் கேக்கல. இவனாத்தான் வச்சிருக்கான். அவங்களுக்கு டிக்கெட் அனுப்பியிருக்கான். இன்னிக்கு அங்கதான் உக்காந்திருக்காங்க."

"ருஃபினோ."

"ம்."

"அந்தப் பையன் எப்படிச் செத்தான்?"

அவன் தொப்பியைச் சுற்றினான். ஒரு சுற்று, இன்னொரு சுற்று.

"உன்னைத்தான் கேக்கறேன். நீ பாத்தியா? இல்ல... நீயா?"

"ரெண்டாவது பாதி ஆரம்பிச்சாச்சு" என்றான் ருஃபினோ.

ஆரம்பித்திருந்தது. காஸ்தோன் வலது ஓரத்தில் பந்தை வாங்கினான், ஊளை எழுந்தது. பந்து கோட்டைத் தாண்டி வெளியே போனது. அதை எடுக்கப் போன அவன் பின்னாலேயே கேமரா பார்வையாளர் வரிசைமேல் ஓடியது. ஆயிரக்கணக்கான தலைகள், கம்பளித் தொப்பிகள், திறந்த வாய்கள். மிர்தா எழுந்தாள். நாற்காலியை இழுத்துக்கொண்டு போய்த் திரைக்கு வெகு அருகில் போட்டு உட்கார்ந்தாள். முகங்கள் புள்ளி புள்ளியாக உடைகிற அளவுக்கு அருகில்.

நான்காவது வரிசையில், கத்துகிறவர்களுக்கு நடுவே, வெள்ளைத் தலை ஒன்று கைகளை மடியில் வைத்து வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தது போல இருந்தது. அந்தக் கடிதாசி எழுதிய அம்மாதானா என்று நிச்சயமாவதற்குள் கேமரா பந்துக்குத் திரும்பிவிட்டது.